நக்ஷ்-இ-ஜஹான் சதுக்கத்தில் ஒரு பிற்பகல்: விரிப்பை எங்கே போடுவது, என்ன கட்டிக்கொண்டு போவது?

ஈரானின் இஸ்ஃபஹான் நகரத்துக்குப் போகிற எவரும் நக்ஷ்-இ-ஜஹான் சதுக்கத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஆனால் பலர் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். இரண்டு மசூதி, ஓர் அரண்மனை, பஜாரில் ஒரு சுற்று, நாற்பது புகைப்படம், அவ்வளவுதான். என் கட்சி வேறு. அது உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடம், அதுவும் மடியில் ரொட்டியும் பக்கத்தில் தேநீரும் இருக்க. அங்கே இரண்டு பிற்பகல்களைப் புல்தரையிலேயே கழித்துவிட்டு வந்த என்னிடம் உறவினர்களும் நண்பர்களும் கேட்ட கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

வரலாற்றுச் சின்னத்தின் நடுவே சாப்பாட்டுக் கூடையோடு உட்கார விடுவார்களா? காவலர் வந்து எழுப்ப மாட்டாரா?

மாட்டார். 1979இலேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்ட இடம்தான் அது. ஆனாலும் வெயில் சாய்ந்ததும் ஊரே குடும்பம் குடும்பமாக வந்து விரிப்பைப் போடுகிறது. கூடை, பிளாஸ்க், தர்பூசணி, தூங்கும் குழந்தை, முழங்கால் வலிக்கிற தாத்தாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி என்று பாதி வீடு வந்துவிடும். சதுக்கத்துக்குள் நுழைய டிக்கெட் கிடையாது. மசூதிகளுக்கும் அரண்மனைக்கும் மட்டுமே டிக்கெட்.

அது எவ்வளவு பெரியது? எதற்காகக் கட்டினார்கள்?

நீளம் ஏறத்தாழ 560 மீட்டர், அகலம் 160 மீட்டர். சுற்றிலும் இரண்டு அடுக்கு வளைவு மாடங்கள், கீழ் அடுக்கு முழுவதும் கடைகள். சஃபாவிய மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் 1598இல் தலைநகரைக் கஸ்வீனிலிருந்து இஸ்ஃபஹானுக்கு மாற்றினார். அப்போது புதிய நகரத்தின் நடுக்கூடமாக எழுந்தது இது. மேற்கில் அரண்மனை வாயிலான ஆலி காப்பு, தெற்கில் ஷா மசூதி, வடக்கில் பஜாரின் கைசரியே வாயில், கிழக்கில் அரச குடும்பம் தொழுத ஷேக் லொத்ஃபொல்லா மசூதி. அரசு, மதம், வணிகம் மூன்றையும் ஒரே முற்றத்தில் எதிரெதிராக நிறுத்திவைத்து, மன்னர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் இங்கே புல் இல்லை, மணல்தான். ‘சோகான்’ எனப்படும் போலோ ஆட்டம் நடந்தது. குதிரையில் பாய்ந்து போகும்போதே திரும்பி, உயர்ந்த கம்பத்தின் உச்சியில் இருக்கும் இலக்கின்மேல் அம்பு எய்யும் போட்டி நடந்தது. மற்ற நாட்களில் கூடாரம் அடித்துச் சந்தை கூடியது. போலோ ஆட்டத்தின் கல் கோல் கம்பங்கள் இரு முனைகளிலும் இன்னும் நிற்கின்றன. பிள்ளைகள் அவற்றைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். புல்வெளியும் நடுக் குளமும் 20ஆம் நூற்றாண்டில் வந்தவை. அதாவது, மன்னர் வேடிக்கை பார்த்த மணல்வெளியில் மக்கள் கால் நீட்டி உட்கார்வது ஒப்பீட்டளவில் புதிய பழக்கம். எனக்கு இந்தப் பகுதிதான் வரலாற்றிலேயே மிகவும் பிடித்தது.

‘மைதானம்’ என்ற நம் சொல்லே பாரசீகம் வழியாக வந்த ‘மைதான்’தான். 1979 புரட்சிக்கு முன் இதன் பெயர் ஷா மைதான், அதன் பிறகு இமாம் மைதான். ஊர்க்காரர்களுக்கு எப்போதும் நக்ஷ்-இ-ஜஹான், ‘உலகத்தின் சித்திரம்’.

எத்தனை மணிக்குப் போவது? எந்தப் பக்கம் உட்காருவது?

வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மூன்றரை, நான்கு மணி சரியாக இருக்கும். கோடையில் ஐந்தரைக்கு முன் போகாதீர்கள். ஊர் சுமார் 1,570 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவு குளிர்ந்துவிடும். ஆனால் ஜூலைப் பகலில் வெப்பம் 37, 38 டிகிரியைத் தொடும், புல்வெளியில் ஒண்ட நிழல் குறைவு.

இடத்தைப் பொறுத்தவரை எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. ஆலி காப்புக்கு முன்னால், மேற்குப் பக்கப் புல்லில், கிழக்கு பார்த்து உட்காருங்கள். காரணம் இரண்டு. வெயில் இறங்க இறங்க அரண்மனையின் நிழல் நீண்டு வந்து உங்களை மூடும். எதிரே இருக்கும் லொத்ஃபொல்லா மசூதியின் குவிமாடத்திலோ கடைசி வெயில் முழுவதும் விழும். மற்ற குவிமாடங்களைப்போல் அது நீலமில்லை, பாலாடை நிறம். ஐந்து மணிக்கு வெளிர் மஞ்சளாக இருந்தது, நான் வெள்ளரிக்காய் நறுக்கி முடித்து நிமிர்ந்தபோது இளஞ்சிவப்பாகியிருந்தது. நடந்து பார்ப்பவர்களுக்கு இது கிடைக்காது. அவர்கள் பார்க்கிற பத்து நிமிடத்தில் அது ஒரே நிறத்தில்தான் இருக்கும்.

உட்கார்ந்தபடியே வலப்பக்கம் தெற்கே பாருங்கள். ஷா மசூதியின் வாயில் சதுக்கத்துக்கு நேராக நிற்கிறது, ஆனால் நீலக் குவிமாடம் வாயிலுக்குப் பின்னால் ஒளியாமல் ஒரு பக்கமாக ஒதுங்கித் தெரிகிறது. சதுக்கம் ஒரு திசையில், மெக்கா இன்னொரு திசையில். அதனால் கட்டடக் கலைஞர் வாயிலைச் சதுக்கத்துக்கும் உள்ளே இருக்கும் மசூதியைத் தொழுகைத் திசைக்குமாக ஏறக்குறைய 45 டிகிரி திருப்பிவிட்டார். எனக்கு இந்தக் கோணல் கண்ணில் பட்டதே மூன்றாவது கோப்பைத் தேநீருக்குப் பிறகுதான்.

விரிக்க என்ன கொண்டுபோவது?

இரண்டு விரிப்புகள் வேண்டும். கீழே தடித்த பாயோ பழைய கம்பளமோ, மேலே சாப்பாட்டுக்கான துணி. இந்தச் சாப்பாட்டுத் துணியை ‘சோஃப்ரே’ என்கிறார்கள். அதை ஒரு கௌரவத்தோடு நடத்துகிறார்கள், அதன்மேல் கால் படக் கூடாது. செருப்பைப் பாய்க்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

துணியை ஊரிலிருந்து சுமக்காதீர்கள், அங்கேயே வாங்குங்கள். சதுக்கத்துக் கடைகளில் ‘கலம்கார்’ துணி கிடைக்கும். ஆம், நம் கலம்காரியின் உடன்பிறப்பு. ‘கலம்’ என்றால் பேனா, ‘கார்’ என்றால் வேலை. சோழமண்டலக் கரையில், முக்கியமாக மசூலிப்பட்டினத்தில் தயாரான துணிகள் 17ஆம் நூற்றாண்டில் பாரசீகச் சந்தைக்குக் கப்பலேறின. பெயர் அங்கிருந்து இங்கே வந்து நிலைத்தது. இஸ்ஃபஹானில் பேரிக்காய் மர அச்சுகளால் துணியில் குத்துகிறார்கள். கடை வாசலிலேயே ஒருவர் கைவிளிம்பில் துணி சுற்றிக்கொண்டு அச்சை ஓங்கி அடிப்பதைப் பார்க்கலாம். ‘டொப், டொப்’ என்று அந்தச் சத்தம் மாடங்களின் கீழே ஓயாமல் கேட்கும். அச்சுக்கு அச்சு இணையும் இடத்தில் கோடு லேசாக விலகியிருந்தால் கைவேலை. கச்சிதமாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

சாப்பிட என்ன எடுத்துக்கொள்வது? சமைக்க வசதியில்லாத பயணிகள் என்ன செய்வது?

ரொட்டிக் கடையிலிருந்து தொடங்குங்கள். ‘சங்கக்’ என்றால் சிறு கல். சூடான கூழாங்கற்களின்மேல் மாவை நீட்டிப் போட்டுச் சுடும் ரொட்டி அது. முழங்கை நீளத்துக்கு மேல் இருக்கும். வாங்கியதும் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், ஓரிரு கல் ஒட்டிக்கொண்டிருக்கும். நான் தடவிப் பார்க்கவில்லை. என் கடைவாய்ப் பல் அதை இன்னும் மறக்கவில்லை.

ரொட்டியோடு வெள்ளைப் பாலாடைக்கட்டி, வால்நட், ஒரு கட்டு பச்சிலை. துளசி வகை, புதினா, முள்ளங்கி, வெங்காயத் தாள் எல்லாம் சேர்ந்த அந்தக் கட்டுக்கு ‘சப்ஸி’ என்று பெயர். மூன்றையும் ரொட்டித் துண்டில் சுருட்டினால் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்தது. வெள்ளரிக்காயை ஈரானியர்கள் பழத்தட்டில் வைப்பார்கள். தோலைச் சீவி, நீளவாக்கில் பிளந்து, உப்புத் தூவிக் கையில் கொடுப்பார்கள். வீட்டிலிருந்து வருகிறவர்களின் பாத்திரங்களில் பெரும்பாலும் பச்சிலைகளை முட்டையில் கலந்து பொரித்த ‘கூகூ சப்ஸி’, உருளைக்கிழங்கும் இறைச்சியும் பிசைந்த கட்லெட், மயோனைஸ் போட்ட ‘ஒலிவியே’ சாலட் ஆகியவை இருக்கும். எல்லாம் ஆறிய பிறகும் சாப்பிட நன்றாக இருப்பவை.

தர்பூசணி கட்டாயம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் ‘தர்பூசணி’க்கு மூலம் ‘தர்புஸ்’ என்ற பாரசீகச் சொல். ஈரானியர்களோ அந்தப் பழத்தை ‘ஹெந்தவானே’ என்கிறார்கள், இந்தியாவின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் அவர்கள் பெயரால் அழைக்க, அவர்கள் நம் பெயரால் அழைக்கிறார்கள்.

இஸ்ஃபஹானுக்கே உரியது ‘பெரியானி’. பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள், ஒரு பருக்கை அரிசி இருக்காது. வேகவைத்து அரைத்த ஆட்டிறைச்சியைச் சின்ன வாணலியில் வட்டமாக வாட்டி ரொட்டிமேல் வைத்துத் தருவார்கள். இரண்டு பெயருக்கும் வேர் ஒன்றுதான், வறுத்தது, வாட்டியது என்று பொருள். அது சூடாக இருக்கும்போது சாப்பிட வேண்டியது. பொட்டலம் கட்டி எடுத்துப்போனால் கொழுப்பு உறைந்துவிடும். ஆகவே மதியம் கடையில் பெரியானி, மாலை புல்தரையில் ரொட்டியும் பழமும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இனிப்புக்குக் ‘கூஷ்ஃபில்’ தேடுங்கள். பொருள் ‘யானைக் காது’. பொரித்துப் பாகில் தோய்த்த மெல்லிய மாவுத் தகடு. இதை உப்பு மோரான ‘தூக்’ உடன் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். ஜிலேபிக்கு மோரா என்று முகம் சுளிக்கத் தோன்றும். முதல் வாய்க்குப் பிறகு தோன்றாது.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

புல்தரையில் கிடக்க மாட்டீர்கள். மேலே சொன்ன ரொட்டி, பாலாடைக்கட்டி, பச்சிலை, வால்நட், பழம் எல்லாமே சைவம்தான். கடைகளில்தான் கவனம் தேவை. ‘கொரேஷ்த்-எ-மாஸ்த்’ என்று குங்குமப்பூ மணக்க, தங்க நிறத்தில், இனிப்பான தயிர்ப் பதார்த்தம் ஒன்று வரும். பார்த்தால் பால்கோவாவின் தங்கை மாதிரி இருக்கும், ஆனால் அதில் ஆட்டுக் கழுத்திறைச்சியை இழை இழையாகக் கரைத்திருப்பார்கள். ஊரின் புகழ்பெற்ற ‘கஸ்’ மிட்டாயில் முட்டை வெள்ளைக்கரு உண்டு.

தேநீர் இல்லாமல் முடியாதா?

முடியாது. பெரிய பிளாஸ்க்கில் வெந்நீர், சின்னக் கெட்டிலில் கடும் டிகாக்ஷன். கண்ணாடிக் கோப்பையில் டிகாக்ஷனை ஊற்றி, ஒளியில் தூக்கிப் பிடித்து நிறம் பார்த்து, வெந்நீர் சேர்ப்பார்கள். பால் கிடையாது. சர்க்கரையைக் கலக்கவும் கூடாது. ‘கந்த்’ என்னும் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, அதன் வழியாகத் தேநீரை உறிஞ்ச வேண்டும். நான் கட்டியைக் கோப்பைக்குள் போட்டுக் கரண்டி தேடினேன். பக்கத்து விரிப்பில் இருந்த பாட்டி தன் முன்பற்களைத் தட்டிக் காட்டி, இங்கே வை என்று சைகை செய்தார். நம் கற்கண்டில் இருக்கும் ‘கண்டு’ம் இந்தக் ‘கந்த்’தும் ஒரே வேர்தான் என்று அவரிடம் சொல்ல எனக்குப் பாரசீகம் போதவில்லை.

கந்துக்குப் பதிலாக ‘பூலகி’ வைத்துக்கொள்ளலாம். காசு வடிவில், தாளைப்போல் மெல்லிய சர்க்கரைத் தகடு, குங்குமப்பூ போட்டது நல்லது. உடைந்த விளிம்பு நாக்கைக் கீறும், மெல்லாமல் கரைய விடுங்கள்.

பக்கத்துக் குடும்பம் சாப்பிடக் கூப்பிட்டால் போகலாமா?

கூப்பிடுவார்கள், கூப்பிடாமல் இருக்க மாட்டார்கள். சிக்கல் என்னவென்றால், அந்த அழைப்பு உண்மையான அழைப்பா, மரியாதைக்கான அழைப்பா என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்த உபசார நாடகத்துக்குத் ‘தாரோஃப்’ என்று பெயர். ‘பெஃபர்மாயித்’ என்றால் ‘வாருங்கள், எடுத்துக்கொள்ளுங்கள்’. தட்டில் எதையாவது வைத்திருப்பவர் பக்கத்தில் இருப்பவரிடம் இதைச் சொல்லாமல் வாயில் போட்டுக்கொள்ள மாட்டார். முதல் முறை கூப்பிட்டால் நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லி மறுக்க வேண்டும். இரண்டாம் முறையும் மறுக்க வேண்டும். மூன்றாவது முறையும் கூப்பிட்டால் உண்மை.

விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்க முடியாது என்பதால் நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். கூப்பிட்டவர் பேசிக்கொண்டே நகர்ந்து இடம் விட்டால் அது நிஜ அழைப்பு. வாய் மட்டும் அழைத்து, உட்கார்ந்த இடம் அசையவில்லை என்றால் புன்னகைத்துவிட்டுக் கடந்து போங்கள். நான் சொன்ன பாட்டி நகர்ந்ததோடு நிற்கவில்லை, பேரனை எழுப்பி எனக்கு இடம் போட்டார். அதற்குமேல் மறுத்தால் அவமதிப்பு.

வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு பெட்டி கஸ் அல்லது கொஞ்சம் பழம் போதும். நீங்கள் நீட்டும்போது அவர்களும் இரண்டு முறை மறுப்பார்கள், மூன்றாவது முறை நீட்ட மறந்துவிடாதீர்கள். கடைக்காரரும் இதே பாணியில் ‘பணம் வேண்டாம், உங்களுக்கு இது ஈடாகாது’ என்பார். அதை நம்பிப் பொருளோடு நடையைக் கட்டிவிடக் கூடாது.

பாரசீகம் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். ஒரே ஒரு சொற்றொடரைக் கற்றுக்கொண்டு போங்கள்: ‘தஸ்தத்தூன் தர்த் நக்கோனே’. நன்றி என்பதற்கு அவர்கள் சொல்வது. நேர்ப்பொருள், ‘உங்கள் கை வலிக்காமல் இருக்கட்டும்’. தேநீர் ஊற்றிக் கொடுத்தவரிடம் இதைச் சொன்னால் அடுத்த கோப்பை தானே வரும்.

உடை?

ஆண்கள் அரைக்கால் சட்டையைத் தவிர்க்கவும். பெண்களுக்குத் தலைமுக்காடு சட்டப்படி கட்டாயம். தெருவில் அது எந்த அளவுக்குப் பின்பற்றப்படுகிறது என்பது காலத்துக்குக் காலம் மாறுகிறது. உள்ளூர்ப் பெண்கள் அதற்காகக் கொடுத்த விலை பெரிது. வெளியூர்க்காரர் சட்டத்தின் பக்கம் நிற்பதே பத்திரம். தரையில் வெகுநேரம் உட்கார வேண்டியிருப்பதால் தளர்வான உடை போடுங்கள். மது நாடு முழுவதும் தடை, கேட்கவே வேண்டாம்.

எந்த நாட்களைத் தவிர்க்க வேண்டும்?

ரமலான் மாதப் பகலைத் தவிர்க்க வேண்டும், பொது இடத்தில் சாப்பிடுவது அப்போது சட்டப்படி குற்றம். சூரியன் மறைந்த பிறகு எல்லாரும் வெளியே வருவார்கள், அது தனி அழகு. வார விடுமுறையான வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகம், அதற்கேற்ற கலகலப்பும் உண்டு. மார்ச் 20 அல்லது 21இல் தொடங்கும் நவ்ரூஸ், அதாவது பாரசீகப் புத்தாண்டு விடுமுறையில் நாடே ஊர் சுற்றக் கிளம்பும், அறை கிடைக்காது. அதன் பதின்மூன்றாம் நாளான ‘சீஸ்தா பேதர்’ அன்று வீட்டுக்குள் இருப்பது ஆகாது என்று ஈரான் முழுவதும் வெளியில் போய்ச் சாப்பிடும் வழக்கம். காணும் பொங்கலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்று பலர் தோப்பு, ஆற்றங்கரை என்று போய்விடுவார்கள்.

குழந்தைகளுக்குப் போரடிக்காதா?

சதுக்கத்தைச் சுற்றிக் குதிரை வண்டி ஓடுகிறது. குளம் இருக்கிறது. குங்குமப்பூ ஐஸ்கிரீம் இருக்கிறது. உங்களுக்குத்தான் அவர்களைத் திரும்பக் கூட்டிவருவது கஷ்டமாக இருக்கும்.

உட்கார்ந்தே இருந்தால் மசூதிகளை எப்போது பார்ப்பது?

காலையில் பாருங்கள். லொத்ஃபொல்லா மசூதிக்கு மினார் இல்லை, முற்றம் இல்லை. 1603இல் தொடங்கி 1619வாக்கில் முடிந்தது. இருட்டான வளைந்த நடை வழியாகப் போய்த் திடீரென்று குவிமாடத்தின் கீழே நிற்பீர்கள். வாசலருகே நின்று அண்ணாந்தால், மேலே விழும் வெளிச்சம் நடுவில் வரைந்த மயிலின் தோகையாக நீளும். ஷா மசூதியின் பெரிய குவிமாடத்துக்கு நேர் கீழே தரையில் கறுப்புக் கல் இருக்கிறது. அதில் நின்று கைதட்டினால் எதிரொலி அடுக்கடுக்காகத் திரும்பும். ஆலி காப்பின் உச்சி மாடியில் இசை அறை. சுவரும் கூரையும் குடுவை, ஜாடி வடிவங்களில் வெட்டிய துளைகளால் நிறைந்தவை. மூன்றையும் முடித்துவிட்டு, மதியம் ஒரு தூக்கம் போட்டு, மாலையில் பாயோடு வாருங்கள்.

ஆற்றங்கரையில் உட்காரலாமே? முப்பத்துமூன்று வளைவுப் பாலம் அங்கேதானே இருக்கிறது?

இருக்கிறது. ஆறுதான் பெரும்பாலான மாதங்களில் இருப்பதில்லை. ஸாயந்தே ரூத் என்றால் ‘உயிர் தரும் ஆறு’. வறட்சியும், மேல்பகுதியில் வேறு ஊர்களுக்கும் ஆலைகளுக்கும் நீரைத் திருப்பியதும் சேர்ந்து, அதை வெடித்த மண்ணாக்கிவிட்டன. அணையில் நீர் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் சதுக்கத்தை விட்டுவிட்டு அங்கே ஓடுங்கள், ஊரே அங்கே இருக்கும்.

பணம், பாதுகாப்பு?

வெளிநாட்டு வங்கி அட்டைகள் ஈரானில் வேலை செய்யாது, ரொக்கம் வேண்டும். 10 ரியாலைப் பேச்சுவழக்கில் ஒரு தோமான் என்பார்கள். விலை சொன்னால் ரியாலா தோமானா என்று கேட்டுவிடுங்கள். பாதுகாப்பைப் பற்றி நான் உத்தரவாதம் தர முடியாது. 2025 ஜூனில் இஸ்ஃபஹானுக்கு அருகே உள்ள அணுசக்தி வளாகத்தின்மீதே குண்டு விழுந்தது. நம் வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையைப் படித்த பிறகே டிக்கெட்டைப் பற்றி யோசியுங்கள். விசா விதிகளையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி மாறுகின்றன. டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

எப்போது கிளம்புவது?

மாட வளைவுகளில் விளக்கு எரிந்து அரை மணி நேரம் கழித்துக் குளிர் முதுகில் ஏறும். அதுதான் மணி. பழத்தோலுக்குத் தனிப் பை கொண்டுபோயிருப்பீர்கள். சூரியகாந்தி விதைத் தோலைத்தான் மறந்துவிடுவீர்கள். ஈரானியர்கள் பேசிக்கொண்டே விதை கொறிப்பார்கள், உங்களுக்கும் ஒரு கை தருவார்கள், தோல் புல்லுக்குள் போய்விடும். நான் கிளம்பும்போது அந்தப் பாட்டி குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். பத்து நிமிடம் ஆனது, அதற்குள் அவருடைய மகள் இன்னொரு கோப்பை ஊற்றிவிட்டாள்.